சாக்கோடு வரும் சங்கடம்: வீட்டில் எலி குடியேறிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு ராத்திரிதான் பகல். ஊர் அடங்கிய பிறகு லாரிகள் வந்து நிற்கும், மூட்டைகள் இறங்கும். விடிவதற்குள் மொத்த வியாபாரம் பெரும்பாலும் முடிந்து, சில்லறை வியாபாரிகள் சுமையோடு கிளம்பிவிடுவார்கள். தரையில் மிஞ்சுவது கோஸ் இலையும், முள்ளங்கித் தழையும், நசுங்கிய தக்காளியும், சிந்திய தானியமும்தான். அந்த மிச்சத்தை நம்பியே இன்னொரு கூட்டம் பிழைக்கிறது. சாக்கடை ஓரம், கூரை இடுக்கு, அடுக்கிய சாக்குகளின் நடு என்று கிடைத்த இடத்தில் குடியிருக்கும் எலிக் கூட்டம் அது.

எலி இல்லாத சந்தை உலகத்தில் எங்கும் கிடையாது. அதற்காகக் காந்தி மார்க்கெட்டை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் சரக்கு கொண்டுபோகும் விவசாயிக்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. லால்குடியிலிருந்தோ முசிறியிலிருந்தோ மணப்பாறையிலிருந்தோ போன வண்டி வெறுமனே திரும்புவதில்லை. காலிச் சாக்கு, காலி கிரேட், மாட்டுக்குத் தவிடு, வீட்டுக்கு மளிகை என்று ஏதாவது ஏற்றிக்கொண்டுதான் வருகிறது. சந்தையில் சில நாள் கட்டுக்கட்டாகக் கிடந்த காலிச் சாக்கு சுண்டெலிக்குத் தயாராக இருக்கும் பிரசவ அறை. மடிப்புக்குள் கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தால், தூக்கிப் போடும்போது யார் கண்ணிலும் படாது. சுண்டெலி உலகம் முழுக்கப் பரவியதே இப்படி மனிதனின் தானியத்தோடும் மூட்டையோடும் கப்பலோடும் பயணம் செய்துதான்.

வீட்டுக்குள் வந்த எலியைப் பெரும்பாலோர் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புகிறார்கள். அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. எலி இரவில் நடமாடும் பிராணி. பட்டப்பகலில் நடுக்கூடத்தில் ஓடுகிறது என்றால், ஒளிய இடமும் ராத்திரிச் சாப்பாடும் போதாத அளவுக்கு எண்ணிக்கை பெருகிவிட்டது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். சினையான எலி சுமார் மூன்று வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு ஐந்து முதல் எட்டு வரை சாதாரணம், பெருச்சாளி இனத்தில் பத்துக்கு மேலும் போடும். அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாங்களும் குட்டி போடத் தயாராகிவிடும். ஆகவே முதல் அடையாளத்தைப் பார்த்த வாரத்தில் நடவடிக்கை எடுப்பதற்கும், இரண்டு மாதம் கழித்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் பொறியில் விழும் எலிகளின் எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

வந்திருப்பது யார்?

"எலி வந்துவிட்டது" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. திருச்சி வட்டாரத்து வீடுகளிலும் சந்தையிலும் முக்கியமாக மூன்று எலிகள் உண்டு. எலி அல்லாத ஒன்றும் அதே கணக்கில் மாட்டிக்கொள்கிறது.

சுண்டெலி மிகச் சிறியது. எடை பத்து முதல் இருபது கிராம்தான். மளிகைச் சாமான் அலமாரி, துணி பீரோ, பழைய பேப்பர் கட்டு, விதை மூட்டை இவையெல்லாம் அதன் வீடு. தண்ணீர் அதிகம் தேவைப்படாது, தானியத்தில் உள்ள ஈரமே ஓரளவுக்குப் போதும். அதனால்தான் காய்ந்த களஞ்சியத்திலும் மாதக்கணக்கில் பிழைத்துக் கிடக்கிறது. பென்சில் நுழையும் இடுக்கு இருந்தால் உள்ளே வந்துவிடும்.

வீட்டெலி அதைவிடப் பத்து மடங்கு பெரியது, நூறு முதல் இருநூறு கிராம் வரை இருக்கும். இதை அடையாளம் காண வாலைப் பார்க்க வேண்டும். தலையும் உடம்பும் சேர்ந்த நீளத்தைவிட வால் நீளமாக இருக்கும். மரம் ஏறுவதிலும் கம்பி மேல் நடப்பதிலும் கெட்டிக்காரன். எனவே இதன் இருப்பிடம் மேலே: ஓட்டுக் கூரை, பரண், தென்னை மரத்து மண்டை, வாழைத்தார் அடுக்கியிருக்கும் மேல்தட்டு. காவிரிக் கரையில் ஸ்ரீரங்கம் பக்கம் தென்னை ஒட்டிய வீடுகளில், காம்புப் பக்கம் ஓட்டை போட்ட குரும்பைகளும் இளங்காய்களும் மரத்தடியில் கிடந்தால் அது இதன் வேலைதான். மரத்தில் இருப்பது வீட்டுக்குள் வர ஒரு மட்டை கூரையில் உரசினால் போதும்.

மூன்றாவது பெருச்சாளி. இதில் சின்னது, பெரியது என இரண்டு வகை உண்டு. சின்னது வயல் வரப்பைக் குடைந்து நெற்கதிரை வளைக்குள் சேர்த்து வைக்கும் அதே ஆள்தான். நகரத்துக் கிடங்குகளிலும் அதுவே குடியிருக்கிறது. பெரிய வகை ஒரு கிலோ வரை வளரும். இரண்டுக்கும் வால் உடம்பைவிடக் குட்டை. இரண்டும் தோண்டும். மடக்கினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பாண்டிகூட்' என்ற பெயர் தெலுங்கின் 'பந்திகொக்கு' என்பதிலிருந்து போனது. பன்றியெலி என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவில் அதே பெயரில் திரியும் பிராணிக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை.

எலி அல்லாத அந்த நான்காவது, மூஞ்சூறு. நீண்ட மூக்கு, கடுகளவு கண், தடித்த வால், மூக்கைப் பிடிக்க வைக்கும் கவிச்சை நாற்றம். இது கொறிக்கும் இனமே அல்ல. கரப்பான், பூச்சி, புழு இவைதான் இதன் சாப்பாடு. சுவரோரமாகக் கீச்சுக்கீச்சென்று சில்லறை குலுக்குவது போலச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும். சீனர்கள் இதைக் காசு மூஞ்சூறு என்று அழைப்பதற்குக் காரணம் அந்தச் சத்தம்தான். குட்டிகள் ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு தாயின் பின்னால் ரயில் வண்டி மாதிரி போவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உச்சிப்பிள்ளையார் மலைக்கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள சந்தையில் பிள்ளையார் வாகனம் ஓடுவதில் வியப்பில்லை. ஆனால் வீட்டில் ஓடுவது மூஞ்சூறு மட்டும்தான் என்றால் தானியத்துக்கு ஆபத்து குறைவு. கரப்பான் அதிகம் என்று மட்டும் அர்த்தம். மூஞ்சூறுக்குத் தானிய விஷம் வைத்துப் பயன் இல்லை, அது அதைச் சீண்டாது.

புழுக்கை பொய் சொல்லாது

அடையாளங்களில் முதலிடம் புழுக்கைக்கு. ஒரு சுண்டெலி ஒரு நாளில் ஐம்பதுக்கு மேலும், ஒரு வீட்டெலி நாற்பது வரையிலும் புழுக்கை போடும். ஆகவே எலி இருந்தால் புழுக்கை இல்லாமல் போகாது. தேடுகிற இடம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவை வைத்தே ஆளைச் சொல்லலாம். சீரகம் போலச் சின்னதாக, நுனி கூராக, எங்கு பார்த்தாலும் சிதறிக் கிடந்தால் சுண்டெலி. நெல்மணியைவிடச் சற்று நீளமாக, லேசாக வளைந்து, இரண்டு நுனியும் கூராக இருந்தால் வீட்டெலி. சின்ன பேரீச்சங்கொட்டை போலத் தடிமனாக, நுனி மழுங்கி, ஒரே மூலையில் கும்பலாகக் கிடந்தால் பெருச்சாளி.

இதில் ஏமாறவும் இடம் உண்டு. பல்லி எச்சத்தின் ஒரு நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கும், எலிப் புழுக்கையில் இருக்காது. கரப்பான் எச்சம் காப்பித்தூள் சிந்தியது போல இருக்கும். 'எலி, எலி' என்று அலறி மருந்து வாங்கி வந்த பிறகு அது பல்லி என்று தெரிந்தால் காசுக்கும் நஷ்டம், மருந்தை வீட்டில் வைத்திருக்கும் ஆபத்தும் மிச்சம்.

பழையதா, புதியதா என்பதும் முக்கியம். புதிய புழுக்கை கறுப்பாக, பளபளப்பாக, அழுத்தினால் அமுங்கும். சில நாள் ஆனது சாம்பல் பூத்து, தொட்டால் நொறுங்கும். கையால் தொட வேண்டாம், ஒரு குச்சி போதும். சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டு மறுநாள் காலையில் பார்க்கலாம். புதிதாக இருந்தால் எலியும் இருக்கிறது. பொடி புழுக்கையும் பெரிய புழுக்கையும் கலந்து கிடந்தால் குடும்பமே நடக்கிறது.

சுத்தம் செய்யும் முறையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் விசிறிப் பெருக்கினால் தூசி மூக்குக்குள் போகும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை மாட்டி, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்துச் சில நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு ஈரத்தோடு துடைத்து எடுத்து, துணியோடு பொட்டலமாகக் கட்டிப் போட்டுவிட வேண்டும்.

சுவரும் சோப்பும் காட்டிக்கொடுக்கும்

எலி நடுத்தரையில் நடப்பதை விரும்பாது. சுவரை உரசிக்கொண்டு, தினமும் ஒரே பாதையில்தான் போகும். உடம்பில் உள்ள அழுக்கும் எண்ணெய்ப் பசையும் சுவரின் கீழ் விளிம்பிலும், உத்தரம் சுவரைத் தொடும் மூலையிலும், ஓட்டையின் வாயிலும் கறுப்பு வழவழப்பாகப் படியும். வெள்ளையடித்த சுவரில் இது நன்றாகத் தெரியும். உத்தரத்துக்குக் கீழே பிறை வடிவில் கறை இருந்தால் வீட்டெலி அங்கே தினமும் சுற்றிப் போகிறது என்று பொருள்.

பல் தடம் அடுத்தது. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்க்காவிட்டால் அதற்கே ஆபத்து. எனவே தின்பதற்கு உதவாத மரம், பிளாஸ்டிக் குழாய், மின்கம்பி உறை எதையும் விடாது. புதிதாகக் கொறித்த மரம் வெளுப்பாக இருக்கும், நாளாக ஆகக் கறுக்கும். குளியலறை சோப்பிலும் பூஜையறை மெழுகுவர்த்தியிலும் இணையாக இரண்டு கோடு விழுந்திருந்தால் விருந்தாளி வந்தாகிவிட்டது. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, டிராக்டர் வயரிங், காரின் இன்ஜின் பக்கம் இவையும் எலிக்குப் பிடித்த இடங்கள். கொறித்த கம்பியால் மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம் என்பதால் இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

மூட்டை அடுக்கில் பார்க்க வேண்டியது அடி மூட்டையை. மேலே ஒன்றும் தெரியாது. சுவரோரத்து அடி மூட்டையில் சின்ன ஓட்டை, பக்கத்தில் நெல் உமி மட்டும் குவிந்திருப்பது, சாக்கில் மஞ்சள் கறை, முகர்ந்தால் மூத்திர நெடி இவையெல்லாம் சேர்ந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. எலி தின்னும் நெல்லைவிட, மூத்திரத்தாலும் புழுக்கையாலும் மயிராலும் அது கெடுக்கும் நெல்தான் அதிகம். விதை நெல்லில் இன்னொரு பாதகமும் இருக்கிறது. முளைக்கரு உள்ள நுனியைக் கொறித்துவிட்டால் எடையில் பெரிதாகத் தெரியாது, நாற்றங்காலில்தான் தெரியும்.

பெருச்சாளி என்றால் வெளியே பார்க்க வேண்டும். கொல்லை, சாக்கடை ஓரம், மாட்டுக்கொட்டகைத் தரை, கிடங்கின் கடைக்கால் பக்கம் வளையும், வளை வாயில் புது மண் குவியலும் இருக்கும். வளையைச் சேற்றாலோ கசக்கிய செய்தித்தாளாலோ மாலையில் அடைத்துவிட வேண்டும். காலையில் திறந்திருந்தால் குடியிருப்பு உண்டு. அடைத்தபடியே இருந்தால் காலி வீடு, அங்கே மெனக்கெட வேண்டியதில்லை.

எதிலும் உறுதி ஏற்படவில்லையா? கோலமாவுச் சோதனை இருக்கிறது. சந்தேகமான இடத்தில் சுவரோரம் ஒரு முழம் நீளத்துக்குக் கல்மாவையோ சலித்த சாம்பலையோ மெல்லியதாகத் தூவிவிட்டுப் படுக்கலாம். அரிசி மாவு கூடாது, அதைத் தின்றுவிட்டுப் போய்விடும். எலியின் முன்காலில் நாலு விரல், பின்காலில் ஐந்து விரல் பதியும். நடுவில் வால் இழுத்த கோடும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கால் தடம் போகும் திசைதான் பொறி வைக்க வேண்டிய திசை.

சந்தை மூடினால் எலி என்ன செய்யும்?

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது காந்தி மார்க்கெட் மூடப்பட்டது. மொத்த வியாபாரம் பின்னர் பொன்மலை ஜி கார்னர் திடலுக்கு மாறியது. அந்த ஆண்டு நவம்பர் வாக்கில்தான் சந்தை மீண்டும் திறந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஓட்டல்களும் கடைகளும் மூடிக் கிடப்பதால் அவற்றின் குப்பையை நம்பி வாழ்ந்த எலிகள் புது இடம் தேடும், வழக்கத்துக்கு மாறாகத் துணிச்சலாக நடந்துகொள்ளும் என்பது அதன் சாரம். ஊர் எதுவானாலும் எலியின் புத்தி ஒன்றுதான். சாப்பாடு நின்றால் அது பட்டினி கிடந்து சாகாது, பக்கத்து வீட்டுக்குப் போகும்.

இதை நினைவில் வைக்கக் காரணம் உண்டு. காந்தி மார்க்கெட்டை இடம் மாற்றும் பேச்சு நெடுநாளாகவே இருக்கிறது. மதுரை சாலையில் கள்ளிக்குடியில் வளாகம் கட்டியும் வியாபாரிகள் பெருமளவில் அங்கே போகவில்லை. பின்னர் பஞ்சப்பூர் பற்றிப் பேச்சு எழுந்தது. என்றைக்கு மாறினாலும், மாறுவதற்கு முன்பே எலி ஒழிப்பை முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கடை வீதியிலும் பாலக்கரையிலும் குடியிருப்போர்தான் அந்தப் பாரத்தைச் சுமப்பார்கள்.

வயலிலும் இதே கதைதான். சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் எலி களத்துக்கும் வீட்டுக்கும் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தாலும் வருகிறது. வருஷத்தில் இந்த இரண்டு சமயத்திலும் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை கட்டாயம் தேவை.

விஷத்துக்கு முன்பு யோசிக்க வேண்டியது

எலி என்றதும் கடைக்குப் போய் மருந்து வாங்குவது பழக்கமாகிவிட்டது. 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலித் தொல்லைக்காக மருந்து வைக்கப்பட்டது. ராத்திரி குடும்பம் அங்கேயே படுத்து உறங்கியது. மருந்தின் நச்சு காற்றில் கலந்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மருந்தை யாரும் சாப்பிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூட்டைப் புகையூட்டலுக்குப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பின் என்ற விஷ வாயுவை வெளியிடும். துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டு அதே வாயுவாக மாறித்தான் எலியைக் கொல்கிறது. மனிதனையும் அப்படித்தான் கொல்லும். பாஸ்பினுக்கு மாற்று மருந்து கிடையாது. ஆகவே இவை இரண்டும் குடியிருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாது. விதை நெல் அடுக்கிய அறைக்கும் படுக்கை அறைக்கும் நடுவே ஒரு கதவு மட்டும் இருக்கும் கிராமத்து வீடுகளில் மாத்திரை போடுவது தற்கொலைக்குச் சமம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் கல்லீரலைக் கருக்கிவிடும், அதற்கும் மாற்று மருந்து இல்லை. தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை உண்டு. எங்காவது பழைய ட்யூப் பரணில் கிடந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

புரோமோடயலோன் கட்டிகள் ரத்தம் உறைவதைத் தடுத்து மெதுவாக வேலை செய்பவை. தின்ற எலி சில நாள் கழித்துச் சாகும் என்பதால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது. வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்தும் இதற்கு உண்டு. ஆனாலும் இதை வைக்க வேண்டிய இடம் வெளியே, குடியிருக்கும் வளைக்குள். குழந்தை, கோழி, நாய் கைக்கு எட்டும் இடத்தில் அல்ல. விஷம் தின்று மயங்கிய எலியைப் பிடிக்கும் கூகையும் பூனையும் சாகக்கூடும். நம் வயலுக்கு இலவசமாகக் காவல் பார்க்கும் கூகையைக் கொல்வது புத்திசாலித்தனம் அல்ல.

வீட்டுக்குள் பொறிதான் சரி. டெல்டாக்காரர்கள் வயலில் வைக்கும் தஞ்சாவூர் கிட்டியின் தத்துவமும் அதுவே: எலியின் பாதையில், எலிக்குப் பழகிய இடத்தில். வீட்டெலிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். பொறியை வைத்த முதல் நாளே விழவில்லை என்று தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். முதல் இரண்டு மூன்று நாள் பொறியை மாட்டாமல் வடையோ கருவாடோ தேங்காய்ச் சில்லோ மட்டும் வைத்து, அது தைரியமாகத் தின்னப் பழகிய பிறகு மாட்ட வேண்டும். அடிக்கும் பொறி என்றால் இரை இருக்கும் முனை சுவரைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பொறியை ஒரு மாதம் வைப்பதைவிட, ஆறேழு பொறியை ஒரே வாரம் வைப்பது பலன் தரும். சுண்டெலிக்கு இந்தப் பயம் குறைவு. புதுப் பொருளைப் பார்த்தால் அதுவே எட்டிப் பார்க்கும், முதல் ராத்திரியே விழும். ஆனால் அது சுற்றும் வட்டம் சிறியது, பொறிகளை ஐந்தாறு அடிக்கு ஒன்றாக வைக்க வேண்டும்.

பிடித்துக்கொண்டே இருந்தும் புதிது வந்துகொண்டே இருக்கிறது என்றால் வாசல் திறந்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் நுழையும் ஓட்டை வீட்டெலிக்குப் போதும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் கொறிக்க முடியாது. வெறும் துணியும் தெர்மோகோலும் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. கதவின் அடிவிளிம்பில் தகரப் பட்டை, தண்ணீர்க் குழாய் வாயில் கம்பி வலை, தென்னை மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழ அகலத் தகரம், கூரையைத் தொடும் மட்டைகளுக்கு அரிவாள். மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கினால் எலிக்கும் மறைவிடம் இல்லை, பார்ப்பதற்கும் சுலபம்.

சந்தையிலிருந்து வரும் சாக்குக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். நேரே வீட்டுக்குள் கொண்டுபோகாமல், களத்தில் நல்ல வெயிலில் ஒவ்வொன்றாக உதறி விரித்துக் காயப்போட வேண்டும். அரை மணி நேர வேலை. கிரேட்டுகளையும் கவிழ்த்துத் தட்டிவிட வேண்டும். வாழைத்தார் ஏற்றிய வண்டியில் மிஞ்சிய சருகை வீட்டுப் பக்கம் கொட்டக் கூடாது.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

*பூனை வளர்த்தால் போதாதா?*

சுண்டெலியையும் குட்டிகளையும் பூனை பிடிக்கும், உதவிதான். ஆனால் வளர்ந்த பெருச்சாளியோடு மோதப் பெரும்பாலான பூனைகள் தயங்கும். நன்றாகச் சோறு வைக்கும் வீட்டுப் பூனை எலியை வேடிக்கை பார்ப்பதும் உண்டு. பூனைக்கு வைத்த சோறு மிச்சமிருந்தால் ராத்திரி எலி அதையே தின்னும்.

*சத்தம் எழுப்பி எலியை விரட்டும் மின்சாரக் கருவி வாங்கலாமா?*

வாங்கிய முதல் சில நாள் எலி ஒதுங்கலாம். பிறகு அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடும். அந்த ஒலி சுவரையும் மூட்டை அடுக்கையும் தாண்டிப் போகாது. அதே பணத்துக்கு நல்ல பொறியும் கம்பி வலையும் வாங்கலாம்.

*மழைக்குப் பின் வயலில் இறங்கிய ஆளுக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சலாக இருக்குமா?*

இருக்கலாம். எலியின் மூத்திரத்தில் உள்ள கிருமி தேங்கிய தண்ணீரில் கலந்து, காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உடம்புக்குள் போகிறது. கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால், தேங்கிய தண்ணீரில் வேலை செய்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நாள் கடந்துவிடும். ஆரம்பத்தில் மாத்திரையிலேயே குணமாகும் நோய் இது. தாமதித்தால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். காலில் புண் உள்ளவர்கள் சேற்றில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் போடுவது நல்லது.

*வீட்டில் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது. நாற்றம் தாங்கவில்லை, எங்கே என்று தெரியவில்லை.*

விஷம் வைத்த வீடுகளில் வரும் பிரச்சினை இது. பகலில் ஜன்னலை மூடி வைத்துவிட்டுப் பச்சை ஈக்கள் எந்த மூலையில் மொய்க்கின்றன என்று பார்த்தால் பெரும்பாலும் இடம் தெரிந்துவிடும். எடுக்கும்போது கையுறை அவசியம். செத்த எலியின் உடம்பிலிருந்து தெள்ளுப்பூச்சி வெளியேறும் என்பதால் முதலில் கிருமிநாசினி தெளித்து, பிறகு இரட்டைப் பையில் போட்டு, கிணற்றிலிருந்து தள்ளி இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். சாக்கடையிலோ வாய்க்காலிலோ வீசக் கூடாது.

*பக்கத்து வீட்டுக்காரர் எதுவும் செய்யவில்லை. நான் மட்டும் ஒழித்து என்ன பயன்?*

உங்கள் வீட்டின் ஓட்டைகளை அடைப்பதற்கு அவர் சம்மதம் தேவையில்லை, அதை இன்றே செய்யலாம். பொறி வைப்பதையும் வளையில் மருந்து வைப்பதையும் தெரு முழுக்க ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன் நிற்கும். அறுவடைக்குப் பிறகு ஊர்க்கூட்டத்தில் பேசி ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ முன்கூட்டியே கேட்டால் முறைகளைச் சொல்லித் தருவார்கள். புழுக்கை, வளை, பல் தடம் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போனால், அவர்களுக்கும் பதில் சொல்லச் சுலபமாக இருக்கும்.